எது அசல், எது ஒட்டு?

மும்பை சோர் பஜாரின் மட்டன் தெருவில் ‘பழைய’ கிராமபோன்களுக்குப் பஞ்சமில்லை. சதுரமான மரப்பெட்டி, முகப்பில் நாய்ச் சின்னம், தலைக்கு மேல் பூவாய் விரிந்த பித்தளைப் புனல். தாத்தா காலத்துச் சாமான் என்று நம்பி வாங்கிப் போகிறவர்கள் ஏராளம். பெட்டியும் புனலும் பெரும்பாலும் புதிதாகச் செய்தவை. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் மோட்டாரும் சவுண்ட் பாக்ஸும் மட்டுமே பழசு. அவை எங்கிருந்து வந்தன என்பதுதான் சோகம்.

பல நேரங்களில் அவை ஹெச்.எம்.வி.யின் கைப்பெட்டி மாடல்களிலிருந்து பிடுங்கப்பட்டவை. 1931-ல் வெளிவந்த 102 மாடலுக்கு வெளியே புனல் கிடையாது. ஒலி செல்லும் குழலைப் பெட்டிக்குள்ளேயே மடித்து வைத்திருப்பார்கள். கேட்க அருமையாக இருக்கும். பார்க்க சாதாரண கறுப்புப் பெட்டி. கறுப்புப் பெட்டிக்கு மவுசு இல்லை, பித்தளைக்கு இருக்கிறது. எனவே நன்றாகப் பாடிய கருவி ஒன்றைக் கொன்று, சுமாராகப் பாடும் பொம்மை ஒன்று பிறக்கிறது. இணைப்புகளில் காற்று கசியும். ஊசி தப்பான கோணத்தில் இறங்கி இசைத்தட்டை அரிக்கும்.

வியாபாரியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரல் பதிவானது முதல், இந்தக் கருவிகள் இந்திய வீடுகளில் பல தலைமுறை உழைத்தவை. ஸ்பிரிங் அறுந்தால் மின்சார மோட்டார் பொருத்தினார்கள். பாட்டு சத்தமாகக் கேட்க வேண்டும் என்று புதுரக சவுண்ட் பாக்ஸை மாட்டினார்கள். மரம் மங்கியதும் பெயிண்ட் அடித்தார்கள். அவர்களுக்கு அது புராதனப் பொருள் அல்ல, பாட்டுப் பெட்டி.

இப்படிப் பலர் கைபட்ட கருவியைச் சீர்செய்ய உட்காருபவருக்கு முதல் கேள்வி: எந்த நாளுக்குத் திரும்புவது? கடையிலிருந்து வந்த முதல் நாளுக்கா, கடைசியாகப் பாடிய நாளுக்கா?

எல்லா மாற்றமும் சேதமல்ல. எடிசனின் உருளை போனோகிராப்பில் ஆரம்பத்தில் இரண்டு நிமிடப் பாட்டுதான் ஓடும். 1908-ல் நான்கு நிமிட உருளைகள் வந்தன. அங்குலத்துக்கு 100 வரிகள் இருந்த இடத்தில் இப்போது 200. பழைய கருவிகளில் அவை ஓடுவதற்கான கூடுதல் பல்சக்கரங்களை எடிசன் கம்பெனியே விற்றது. அன்றைய சொந்தக்காரர் காசு கொடுத்து மாட்டிய அந்தச் சக்கரத்தை ‘அசல் இல்லை’ என்று கழற்றி எறிவது, கருவியின் வரலாற்றில் ஒரு பக்கத்தைக் கிழிப்பதற்குச் சமம்.

ஆக, மாற்றங்களை மூன்றாகப் பிரிக்கலாம். கம்பெனியே தந்தவை: அப்படியே இருக்கட்டும். வீட்டார் வசதிக்காகச் செய்தவை: அசல் பாகம் கிடைத்தால் மாற்றலாம், கழற்றியதைச் சீட்டு எழுதிப் பத்திரப்படுத்த வேண்டும். விற்பனைக்காக ஒட்டுப்போட்டவை: இவற்றில் மோட்டாரையும் சவுண்ட் பாக்ஸையும் மீட்டு, அதே மாடலில் உயிரிழந்து கிடக்கும் இன்னொரு பெட்டிக்குத் தருவதே நியாயம்.

வேலையிலும் நிதானம் வேண்டும். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் படம் எடுத்துக்கொள்வது நல்லது. சுருண்டு கிடக்கும் ஸ்பிரிங் திடீரென விடுபட்டால் கையைக் கிழித்துவிடும். துத்தநாகக் கலவையில் வார்த்த பாகங்கள் வயதாக ஆக நொறுங்கும் தன்மை பெறுகின்றன. திருகாணியைக் கொஞ்சம் அதிகம் முடுக்கினாலே பிளக்கும். சவுண்ட் பாக்ஸில் கல்லாய் இறுகிப்போன ரப்பர் வளையத்தைத் தயங்காமல் மாற்றலாம். அது தேய்ந்து போகவே படைக்கப்பட்டது. ஆனால் பழைய மரப்பூச்சின் மேல் ஸ்பிரிட் படக்கூடாது. அந்தப் பூச்சு பெரும்பாலும் அரக்கு, ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். 78 சுற்று இசைத்தட்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதுவும் அரக்குதான், அதில் பெரும்பகுதி இந்தியக் காடுகளிலிருந்து போனது.

புதுத் துளை போடுவது, அசல் நிக்கல் பூச்சைத் தேய்த்துப் பித்தளையாக்குவது - இந்த இரண்டும் திரும்பப் பெற முடியாதவை. சீர்செய்கிறேன் என்று இதைச் செய்பவர், முந்தைய சொந்தக்காரர்களின் பட்டியலில் தன் பெயரையும் சேர்த்துக்கொள்கிறார். அவ்வளவே.

அந்த நாய்ச் சின்னத்துக்கே இதில் ஒரு கதை உண்டு. ஓவியர் பிரான்சிஸ் பாரோ முதலில் வரைந்தது, உருளை போனோகிராப்பின் முன் அமர்ந்த நாயை. 1899-ல் கிராமபோன் கம்பெனிக்காகப் போனோகிராப்பின் மேல் வண்ணம் பூசி, தட்டு கிராமபோனாக மாற்றினார். மூல ஓவியத்தை உற்றுப் பார்த்தால் பழைய கருவியின் சாயல் இன்றும் தெரியும். மேல்பூச்சைச் சுரண்டி ‘அசலை’ மீட்க வேண்டும் என்று இதுவரை யாரும் கிளம்பவில்லை. நல்லவேளை.