உராயும் பிறேக்கும் ஒரு துளி எண்ணெயும்

சைக்கிளில் சத்தம் கேட்டால் ஒரு துளி எண்ணெய் விடு என்பது யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்கள் தலைமுறை கற்ற முதற் பாடம். 1990களில் பொருளாதாரத் தடையினால் பெற்றோல் கிடைக்காமற்போன காலத்தில் குடாநாட்டின் வாழ்வே துவிச்சக்கரவண்டியில்தான் ஓடியது. நோயாளியை ஏற்றியதும் விறகு கட்டியதும் அதில்தான். அதனைத் திருத்தத் தெரியாதவர் எங்களில் அரிது.

அந்த அனுபவச் செருக்கே சென்ற வருடம் என்னை விழுத்தப் பார்த்தது. 2022ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடியின்போது வாங்கிய என் சைக்கிளில் டிஸ்க் பிறேக் பூட்டப்பட்டிருந்தது. காற்றுப்போன முன்சில்லைக் கழற்றி ரியூப் ஒட்டி மீண்டும் பூட்டியபின், பிறேக் இடைவிடாது உராயத் தொடங்கியது. பழைய பழக்கத்தில் எண்ணெய் விட்டேன். சத்தம் நின்றது. ஆனால் அடுத்த சந்தியில் பஸ் ஒன்று குறுக்கிட்டபோது சைக்கிள் நிற்கவில்லை. வேலியோரம் சாய்ந்து தப்பினேன்.

சில்லின் நடுவே உள்ள தட்டை இரு பக்கமும் கட்டைகள் பற்றிப் பிடிப்பதே இந்தப் பிறேக்கின் வேலை. எண்ணெய் பட்டால் கட்டைகள் அதனை உறிஞ்சிப் பிடிமானத்தை இழந்துவிடும். என் கட்டைகளை மாற்றவேண்டியதாயிற்று. உண்மையான பழுதோ, சில்லு ஒரு மயிரிழை சரிந்து பூட்டப்பட்டிருந்தமைதான்!

ஆகவே உராய்வு கேட்டால் முதலில் சைக்கிளை நிலத்தில் நிமிர்த்தி வைத்து, சில்லைத் தளர்த்திச் சரியாக இருத்தி இறுக்குங்கள். பல வேளைகளில் அத்துடன் பிரச்சினை தீர்ந்துவிடும். தீராவிட்டால் சில்லைச் சுழற்றிக் காதுகொடுங்கள். சத்தம் தொடர்ந்து வந்தால் கட்டைகளைத் தாங்கும் கூடு நடுவில் இல்லை என்று பொருள். அதன் இரு ஆணிகளையும் சற்றுத் தளர்த்தி, பிறேக்கை அழுத்திப் பிடித்தபடியே மாறிமாறி இறுக்கினால் பெரும்பாலும் அது நடுவுக்கு வரும். சுற்றுக்கு ஒருமுறை மட்டும் கேட்டால் தட்டு வளைந்திருக்கிறது. எண்ணெய்ப் பசையற்ற ஸ்பனரால் கவ்விச் சிறிது சிறிதாக நிமிர்த்தலாம். சுமார் 1.8 மில்லிமீற்றர் தடிப்பே உள்ள தட்டுக்குப் பலம் காட்டலாகாது.

சத்தம் கேட்டதும் கடைக்கு ஓடி, முழுவதையும் மாற்றவேண்டும் என்று சொன்னால் மாற்றிவிட்டு வருகிறார்கள் இன்றைய இளையவர்கள். நாங்களோ எண்ணெய்க் குப்பியைத் தேடுகிறோம். இரு சாராரும் செய்யத் தவறுவது ஒன்றே: குனிந்து பார்ப்பது.

இத்தகைய சைக்கிளில் இன்று எத்தனையோ பிள்ளைகள் பாடசாலைக்குப் போகிறார்கள். விற்பவர்கள் ஐந்து நிமிடம் செலவிட்டு, 'தட்டில் எண்ணெய் விடாதீர்கள்' என்றாவது சொல்லியனுப்ப வேண்டும். வீட்டிலுள்ள என் வயதுக்காரர்களும் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். உதவி செய்வதாக எண்ணி எண்ணெய்க் குப்பியுடன் முதலில் வருபவர்கள் நாங்கள்தான்.