சராசரி ஆறு எங்கே ஓடுகிறது?

புள்ளியியல் என்றால் எளிதில் மதிப்பெண் வாங்கித் தரும் பாடம் என்றே நம்மில் பலரும் எண்ணுகிறோம். எண்ணூர்க் கழிமுகத்தில் கடலோடு கலக்கும் நம் கொசஸ்தலை ஆற்றுக்கு அருகில் அந்தப் பாடத்தை வைத்துப் பாருங்கள்.

ஓர் ஆற்றில் பதினொரு மாதம் நீரே இல்லை, ஒரு மாதம் மட்டும் 120 பங்கு என்று கொள்வோம். சராசரி 10. ஆனால் 10 பங்கு நீர் எந்த மாதத்திலும் ஓடவில்லையே! மாறுபாட்டுக் கெழுவோ 330 விழுக்காட்டைத் தாண்டுகிறது. கொசஸ்தலை இவ்வளவு மோசமில்லை. குணம் என்னவோ இதுதான். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. இவ்வாற்றின் குறுக்கே 1944-இல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கம் 2015-இல் நிரம்பி, உபரி நீர் திறக்கப்பட்டது. நான்கே ஆண்டுகளில், 2019 ஜூலையில், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது.

1962-இல் அமெரிக்க அறிஞர்கள் தாமஸும் ஃபியரிங்கும் ஒரு வழி கூறினர். ஒவ்வொரு மாதத்துக்கும் தனிச் சராசரி, தனித் திட்ட விலக்கம்; சென்ற மாத நீருக்கும் இந்த மாத நீருக்கும் உள்ள தொடர்பு; அத்துடன் தாயம் உருட்டினாற்போல் ஒரு தற்செயல் எண். இவற்றைக் கொண்டு கணிப்பொறியில் நூறு கற்பனை ஆண்டுகளை ஓடவிட்டு, அணை எத்தனை முறை வற்றும், எத்தனை முறை வழியும் என்று முன்னதாகவே காணலாம்.

1968-இல் மாண்டல்பிராட்டும் வாலிஸும் நம் விவிலியத்தையே துணைக்கு அழைத்தனர். வறட்சியோ வளமோ பல ஆண்டு தொடர்வதற்கு யோசேப்பு விளைவு என்றும், திடீர்ப் பெருவெள்ளத்துக்கு நோவா விளைவு என்றும் பெயரிட்டனர். (பார்வோன் கனவில் கண்ட ஏழு மெலிந்த பசுக்களை மறந்தவர்கள் மறைக்கல்வி ஆசிரியையைக் கேட்டுக்கொள்க!)

இவ்வளவு கணக்கு இருந்தும், கோடையில் நீர் தாழ்ந்து கிடப்பதைக் கண்டு, "சும்மா கிடக்கிற இடம்தானே" என்று கழிமுகத்தில் மண்ணும் சாம்பலும் கொட்டி மேடாக்குவது எனக்குப் புரியவில்லை. மிச்சமுள்ள அகலம் சராசரி ஆற்றுக்குப் போதும். கார்த்திகை ஆறு எங்கே போகும்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்தபோது மீனவர்களின் படகும் வலையும் கறுத்துப்போயின. கழிமுகத்துக்கு எல்லைக் கல் நடுவதானால் சித்திரையில் அளந்து நடக்கூடாது. கார்த்திகை வெள்ளம் ஏறிய இடத்துக்கு அப்பால்தான் நட வேண்டும். அதற்குள் கொட்டிய மண்ணை, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்போர் திரும்ப இறங்கும்படி, முதலில் அள்ள வேண்டும்.