கிதாரும் ‘பாலிஷ்’ என்ற சொல்லும்

கிதாருக்குப் ‘பாலிஷ்’ போடுவதைப் பற்றிப் பேச மொழியியல் படித்தவருக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சிக்கல் சொல்லிலிருந்தே தொடங்குகிறது என்பதே என் விடை. ஆங்கிலத்தில் ‘பாலிஷ்’ என்னும் ஒரே சொல், ஒரு பரப்பைத் தேய்த்து வழவழப்பாக்குவதையும் அதன்மீது ஒன்றைப் பூசிப் பளபளப்பு ஏற்றுவதையும் குறிக்கிறது. அன்றாடப் பேச்சில் வெறுமனே துடைப்பதும் அதிலேயே அடங்கிவிடுகிறது. தமிழில் இவை மூன்று வினைகள். துடைத்தல் அழுக்கை நீக்குகிறது. தேய்த்தல் பூச்சிலேயே ஒரு பகுதியை நீக்குகிறது. பூசுதல் புதிதாக ஒன்றைச் சேர்க்கிறது. கடையில் ஒரே வரிசையில் நிற்கும் போத்தல்களுள் எது எந்த வினையைச் செய்கிறது என்று அறியாமல் வாங்குவதால் நல்ல கருவிகள் பாழாகின்றன. பெரும்பாலான கிதார்களுக்கு முதல் வினை மட்டுமே போதும் என்பது என் உறுதியான கருத்து.

கிதாரின் மேற்பூச்சு ஒரே பொருளன்று. கையால் செய்யப்படும் செவ்வியல் கிதார்கள் பலவற்றுக்கு இன்றும் ஷெல்லாக், அதாவது அரக்கு, பூசப்படுகிறது. ஜார்க்கண்டு, சத்தீஸ்கர் பகுதிகளில் பலாசு, இலந்தை முதலிய மரங்களில் வாழும் சிறு பூச்சியின் சுரப்பு அது. அதைக் குறிக்கும் ‘லாக்ஷா’ என்ற வடசொல்லே பல மொழிகளைக் கடந்து ஆங்கிலத்தில் ‘லாக்கர்’ ஆயிற்று. ஆனால் கிப்சன், மார்ட்டின் நிறுவனங்கள் தம் உயர்வகைக் கருவிகளுக்குப் பூசும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரில் அரக்கு இல்லை. பெயர் மட்டுமே எஞ்சியிருக்கிறது. மாணவர் வாங்கும் விலையில் கிடைப்பவை பெரும்பாலும் பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர் பூச்சு கொண்டவை.

இந்த வேறுபாடு வேதியியல் வகுப்போடு நின்றுவிடுவதில்லை. அரக்கு ஆல்கஹாலில் கரையும். நைட்ரோசெல்லுலோஸ் அதற்குரிய கரைப்பானில் கரையும். அதனால் இவ்விரண்டிலும் புதிய பூச்சு பழையதோடு ஒன்றாகிவிடும். பழுதுபார்ப்பது எளிது, பழுதாவதும் எளிது. 60 விழுக்காட்டுக்கும் மேல் ஆல்கஹால் உள்ள கிருமிநீக்கியைக் கையில் தடவி, அது உலருமுன் அரக்குப் பூசிய கிதாரைத் தொட்டால் பூச்சு இளகிவிடும். சில தாங்கிகளில் உள்ள ரப்பர், நைட்ரோசெல்லுலோஸ் பூச்சோடு வினைபுரிந்து நீங்காத தழும்பை விட்டுச்செல்லும். பாலியெஸ்டர் இவற்றையெல்லாம் தாங்கும்; ஆனால் பெயர்ந்துவிட்டால், மேலே இடும் பூச்சு பழையதோடு கலக்காது.

இரண்டு தீங்குகளைத் தனியே சொல்ல வேண்டும். முதலாவது, பளபளப்பற்ற ‘மேட்’ பூச்சுக்கு மெருகிடுவது. அதன் நுண்ணிய மேடுபள்ளங்கள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் அது மங்கலாகத் தோன்றுகிறது. தேய்க்கத் தேய்க்க அவை சமமாகி, அங்கங்கே பளபளக்கும் திட்டுகள் தோன்றும். மறுபூச்சின்றி அவை போகா. இரண்டாவது, சிலிக்கோன் கலந்த மெருகுநீர்மங்கள். உடனடிப் பளபளப்பைத் தரும் இவை வெடிப்புகளின் வழியே மரத்துக்குள் இறங்கினால், பின்னொரு நாள் பூசும் பூச்சு அவ்விடத்தில் ஒட்டாமல் குழிகுழியாக விலகி நிற்கும்.

“பூச்சு தேய்ந்தால் என்ன? கலைஞர்களின் கிதார்கள் தேய்ந்தவை அல்லவா?” என்று ஒரு மறுப்பு வரும். அயர்லாந்துக் கலைஞர் ரோரி கலஹர் வாசித்த 1961ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டோகாஸ்டர், பூச்சின் பெரும்பகுதியை இழந்து வெறும் மரமாகவே புகழ்பெற்றது. வேண்டுமென்றே தேய்த்துப் பழமையாக்கிய புதிய கிதார்களை ஃபெண்டர் நிறுவனம் உயர்ந்த விலைக்கு விற்கிறது. இந்த மறுப்பில் உண்மை உண்டு. வாசித்துத் தேய்ந்த கருவி தன் வரலாற்றைச் சுமக்கிறது. அறியாமல் ஊற்றிய நீர்மத்தால் கெட்ட கருவிக்கு அத்தகைய வரலாறு இல்லை. ஆகவே என் வாதம் பளபளப்புக்கு ஆதரவானதன்று.

மழைக்கால ஈரத்துக்கு அஞ்சி மெருகிடுவோரும் உளர். ஒலிப்பெட்டியின் உட்புறம் பெரும்பாலும் பூச்சின்றியே இருக்கும்; வெளியே எவ்வளவு மெருகிட்டாலும் ஈரம் உள்வழியே மரத்தை அடையும். மூடிய பெட்டியும் அதனுள் ஈரப்பதத்தை 45 முதல் 55 விழுக்காடு வரை வைத்திருப்பதுமே அதற்கு மருந்து.

விடுதி அறைகளில் நான் காணும் கிதார்கள் பல, உதவித்தொகையில் மாதக்கணக்காகச் சேமித்து வாங்கியவை. அவற்றுக்கு மறுபூச்சு இடும் கூலி, வாங்கிய விலையையே விஞ்சிவிடக்கூடும். எனவே என் கோரிக்கை விற்பவரிடம்தான்: ஒவ்வொரு கருவியிலும் அதன் பூச்சு எது, அதில் எது படக்கூடாது என்பதை வாங்குபவர் படிக்கும் மொழியில் எழுதி ஒட்டுங்கள். மருந்துப் போத்தலில் எதிர்பார்க்கும் தெளிவை இங்கும் எதிர்பார்ப்பது மிகையன்று.

அதுவரை, வாசித்து முடித்ததும் மென்மையான பருத்தித் துணியால் வியர்வையைத் துடையுங்கள். ஒட்டிய அழுக்குக்குத் துணியைச் சற்றே ஈரமாக்கி, உடனே உலர்துணியால் ஒற்றியெடுங்கள். அதற்கு மேல் எதையும் வாங்கச் சொன்னால், அது துடைக்குமா, தேய்க்குமா, பூசுமா என்று முதலில் கேளுங்கள்.