கோல்ஃப் கிளப்பில் சேரப் போகிறீர்களா? முதலில் ஒப்பந்தத்தைப் படியுங்கள்!

தோட்டத்தில் பிறந்து படித்து முன்னேறிய நம் பிள்ளைகள் சிலர் இப்போது என்னிடம் ஒரு புதுக் கேள்வி கேட்கிறார்கள். "அண்ணே, வீட்டுக்குப் பக்கத்துல எந்த கோல்ஃப் கிளப்புல சேரலாம்? ஆபீஸ்ல எல்லாரும் ஆடுறாங்க." வீட்டுப் பெரியவர்களுக்கு இது பிடிப்பதில்லை. "அது துரைமாருங்க ஆட்டம், நமக்கு எதுக்கு?" என்கிறார்கள்.

ஏன் நமக்கு வேண்டாம்? 1893ல் கோலாலம்பூரில் சிலாங்கூர் கோல்ஃப் கிளப்பை வெள்ளைக்காரர்கள் தங்களுக்காகத் தொடங்கினார்கள். அந்தக் காலம் போய்விட்டது. இந்நாட்டின் தொழில்முறை ஆட்டக்காரர்கள் வரிசையில் இராமையா, குணசேகரன் என்று நம் பெயர்களும் உண்டு. ஆடட்டும். ஆனால் காசு கட்டும் முன், எதை வாங்குகிறோம் என்று தெரிந்து கட்டட்டும். என் கவலை அதுதான்.

கிளப்பில் இரண்டு வகை. ஒன்று, உறுப்பினர்களே நடத்துவது. சங்கமாகவோ விளையாட்டு அமைப்பாகவோ பதிவு செய்யப்பட்டிருக்கும். ஆண்டுக் கூட்டம் உண்டு, கணக்குக் கேட்கலாம், ஓட்டுப் போடலாம். இன்னொன்று, ஒரு கம்பெனிக்குச் சொந்தமானது. வீடமைப்புத் திட்டத்தோடு சேர்ந்து வந்த கிளப்புகளில் பல இந்த வகை. இங்கே நீங்கள் ஆயிரக்கணக்கான வெள்ளி நுழைவுக் கட்டணம் கட்டினாலும் அந்தத் திடலில் ஒரு அடி மண் உங்களுடையது ஆகாது. உள்ளே வந்து ஆடலாம் என்ற அனுமதி மட்டுமே உங்கள் கையில் இருக்கும்.

இந்த அனுமதிக் கதை நமக்குப் புதிதா? நம் அப்பா அம்மா லயத்தில் இருந்ததும் இப்படித்தானே! மூன்று தலைமுறை வாழ்ந்தார்கள், கோயில் கட்டினார்கள், வாழை வைத்தார்கள். தோட்டத்தை விற்றபோது, "வேலை இருக்கும்வரைதான் வீடு, நிலத்தில் உங்களுக்கு உரிமை இல்லை" என்று நோட்டீஸ் வந்தது.

கோலாலம்பூர் புக்கிட் கியாராவை நினைத்துப் பாருங்கள். ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அங்கே அரசு ஊழியர்களுக்கான கோல்ஃப் திடல் வந்தது. பால் மரம் வெட்டிய குடும்பங்களை 1982ல் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் நீண்ட வீடுகளுக்கு மாற்றினார்கள். தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். பக்கத்துப் பூங்காவில் வரவிருந்த அடுக்குமாடித் திட்டத்துக்கான அனுமதி செல்லாது என்று 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதும் அவர்கள் அதே நீண்ட வீடுகளில்தான் இருந்தார்கள். 41 ஆண்டுகள்! பந்து உருள இடம் கிடைத்த வேகத்தில் அவர்களுக்குக் கூரை கிடைக்கவில்லை.

ஆகவே தம்பி, எந்த கிளப் என்று கேட்டால், அந்த மண்ணில் முன்பு யார் இருந்தார்கள், அவர்களுக்கு வீடு கிடைத்ததா என்று முதலில் விசாரி என்பேன். வெயிலில் புல் வெட்டுகிறவர்களுக்கு இ.பி.எஃப்., சொக்சோ ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்றும் கேள். அவர்களில் நம் சொந்தக்காரர்களே இருக்கக்கூடும்.

அப்புறம் உன் பணம். கம்பெனி கிளப் என்றால், உறுப்பினர் திட்டம் எஸ்.எஸ்.எம். எனப்படும் கம்பெனிகள் ஆணையத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பார். முன்பு 1965 கம்பெனிகள் சட்டத்தின் கீழ் இருந்த இந்த விவகாரத்துக்கு இப்போது 2016ல் இயற்றிய தனிச் சட்டம் இருக்கிறது. திட்டத்துக்கு டிரஸ்ட் பத்திரம் உண்டா, டிரஸ்டி யார் என்று கேட்க உனக்கு உரிமை உண்டு. நிலம் கம்பெனியுடையதா, குத்தகையா, குத்தகை எந்த ஆண்டில் முடிகிறது? அடமானத்தில் இருக்கிறதா? நில அலுவலகத்தில் சிறு கட்டணம் கட்டித் தேடினால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சிங்கப்பூரில் நடந்ததைப் பாருங்கள். அதிவேக ரயிலுக்காக ஜூரோங் கண்ட்ரி கிளப் நிலத்தை எடுத்துக்கொள்வதாக 2015ல் அரசாங்கம் அறிவித்தது. 2016ல் கிளப் மூடப்பட்டது. அந்த ரயில் திட்டமோ 2020 முடிவோடு கைவிடப்பட்டது! பணக்காரர் கிளப்புக்கே அந்தக் கதி.

நம் குடும்பங்களை அதிகம் கடிப்பது மாதச் சந்தா. ஆட்டத்தை நிறுத்தினால் சந்தா தானாக நின்றுவிடாது. வேலை போய், இரண்டு வருடம் அந்தப் பக்கமே போகாதவருக்கும் வட்டியோடு வக்கீல் நோட்டீஸ் வரும். விலகுவது எப்படி, உறுப்பினர் உரிமையை இன்னொருவருக்கு மாற்ற எவ்வளவு, சந்தாவை யார் கூட்டலாம் என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் தேடிப் படி. கடன் அட்டையில் தவணை என்று சொன்னால் எழுந்து வந்துவிடு.

உண்மையில் பலருக்கு உறுப்பினர் அட்டையே தேவையில்லை. முதலில் டிரைவிங் ரேஞ்சில் ஒரு வாளிப் பந்து வாங்கி அடித்துப் பழகலாம். பல கிளப்புகளில் வார நாட்களில் கிரீன் ஃபீஸ் கட்டி வெளியாரும் ஆடலாம். ஆறு மாதம் அப்படி ஆடியபிறகும் ஆசை இருந்தால், ஒப்பந்த நகலை வீட்டுக்கு வாங்கி வா. "இங்கேயே இப்போதே கையெழுத்துப் போட்டால்தான் சலுகை" என்று சொல்லும் கிளப்பில் சேராதே.