மராத்தான் ஒளிபரப்பு: கடைசிப் பத்து நிமிடம் பார்த்தால் போதுமா?

செலாயாங் – 2025 செப்டம்பர் 15, திங்கட்கிழமை காலை. மொத்தச் சந்தையில் இரவு வேலை முடித்தவர்கள் பசியாறிக்கொண்டிருந்த நேரம். உணவகச் சுவரில் இருந்த தொலைக்காட்சியில் தோக்கியோ உலகத் தடகளப் போட்டியின் ஆண்கள் மராத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசையில் லோரி ஓட்டுநர் ஒருவர் தே தாரிக்கை ஆற்றியபடி என்னிடம் கேட்டார்:

“என்னா தம்பி, இதையா இவ்ளோ நேரம் பார்க்கறீங்க? ரெண்டு மணி நேரமும் ஒரே மாதிரிதான் ஓடறாங்க. கடைசிப் பத்து நிமிசம் பார்த்தா போதும்லா.”

“இல்லண்ணே, கொஞ்சம் பொறுங்க” என்றேன்.

அன்றைய முடிவு அவர் பக்கம்தான் சாய்ந்தது. ஜெர்மனியின் அமனால் பெட்ரோஸ் முன்னால் வர, கோட்டருகே தான்சானியாவின் அல்போன்ஸ் சிம்பு அவரை முந்திவிட்டார். இருவருக்கும் ஒரே நேரம்: 2 மணி 9 நிமிடம் 48 விநாடி. வித்தியாசம் 0.03 விநாடி. முந்தைய இரவு நடந்த ஆண்கள் 100 மீட்டர் இறுதியாட்டத்தில்கூட முதல் இருவருக்கும் இடையே 0.05 விநாடி இருந்தது. 42 கிலோமீட்டர் ஓடியவர்கள் அதைவிட நெருக்கமாக முடித்தார்கள்!

“பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல?” என்று சிரித்துவிட்டு அந்த அண்ணன் லோரிக்குப் போய்விட்டார். அன்று என்னிடம் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால், குறை அவரிடம் இல்லை. முதல் இரண்டு மணி நேரம் ஏன் முக்கியம் என்பதை அவருக்கு யாரும் சொல்லவே இல்லை. அதைச் சொல்ல வேண்டியது வர்ணனையின் வேலை.

படம் வேறு, வர்ணனை வேறு

உலகப் போட்டிகளில் படம் எல்லா நாட்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். போட்டியை நடத்தும் தரப்பு ஏற்பாடு செய்த கேமராக்களின் காட்சிதான் எல்லாருக்கும் அனுப்பப்படுகிறது. அந்தந்த நாட்டு அலைவரிசை அதன்மேல் தன் குரலைச் சேர்க்கிறது. ஆகவே ஓர் ஒளிபரப்பு நன்றாக இருந்ததா என்று கேட்கும்போது இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கேமரா சரியான நேரத்தில் சரியான இடத்தில் இருந்ததா? குரல் கொடுத்தவர், கண்ணுக்குத் தெரியாததை நமக்குச் சொன்னாரா?

இரண்டாவது கேள்விதான் பெரியது. காற்பந்தில் பந்து எங்கே என்று எல்லாருக்கும் தெரியும். மராத்தானில் ஆட்டமே கண்ணுக்குத் தெரியாது. யார் களைக்கிறார், யார் வேகத்தை மிச்சம் பிடித்து வைத்திருக்கிறார், யார் கணக்குப் போட்டு ஓடுகிறார் என்பதெல்லாம் உள்ளே நடக்கிற போராட்டம்.

எண்ணை வாசித்தால் போதாது

கென்யாவின் கெல்வின் கிப்தும் 2023 அக்டோபர் 8-ஆம் தேதி சிகாகோவில் 2 மணி 35 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். மணிக்குச் சராசரி 21 கிலோமீட்டர். இப்படிச் சொன்னால் நம்மில் பலருக்கு அது வெறும் எண். பள்ளித் திடலில் 400 மீட்டர் வட்டத்தை 69 விநாடிக்குள் ஒரு சுற்று ஓடிப் பாருங்கள்; அதே வேகத்தில் நிற்காமல் இன்னும் 104 சுற்று ஓட வேண்டும் என்று சொன்னால் வாயைப் பிளப்போம். நல்ல வர்ணனையாளர் எண்ணை இப்படித் திடலுக்குக் கொண்டுவருவார்.

அதைவிட முக்கியம், எண்ணுக்குள் இருக்கும் கதை. அன்று கிப்தும் முதல் பாதியை 60 நிமிடம் 48 விநாடியில் கடந்தார். அப்போது உலகச் சாதனை எலியுட் கிப்சோகேவிடம் இருந்தது: 2022 பெர்லினில் 2 மணி 1 நிமிடம் 9 விநாடி. அந்தக் கணக்கில் பாதி வழியில் கிப்தும் சாதனைக்குப் பின்தங்கித்தான் இருந்தார். இரண்டாம் பாதியை அவர் ஓடிய நேரம் 59 நிமிடம் 47 விநாடி. 30-ஆவது கிலோமீட்டரிலிருந்து 35 வரையிலான 5 கிலோமீட்டரை மட்டும் 13 நிமிடம் 51 விநாடியில் முடித்தார். சாதனை விழுந்தது அந்த இடத்தில்தான்.

கிப்சோகே பெர்லினில் ஓடியது நேர் எதிர். முதல் பாதி 59:51, இரண்டாம் பாதி 61:18. ஒருவர் முதலில் செலவழித்துவிட்டுக் கடைசியில் தாக்குப்பிடித்தார். மற்றவர் முதலில் சேமித்துக் கடைசியில் கொட்டினார். கடைசிப் பத்து நிமிடம் மட்டும் பார்ப்பவருக்கு இருவரும் தனியாக ஓடிவந்து கோட்டைத் தொடுவதுதான் தெரியும். பாதி வழியிலேயே இந்த வேறுபாட்டைப் பிடித்துச் சொல்கிற வர்ணனையாளர்தான் நம்மை நாற்காலியில் உட்கார வைப்பார்.

இது வீட்டுக்கும் பயன்படும் பாடம். தமிழ்ப்பள்ளிக் குறுக்கோட்டத்தில் நான் முதல் 500 மீட்டரைச் சிறுத்தை மாதிரி ஓடினேன். மீதித் தூரத்தை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வேகத்தைப் பங்கு போட வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. இன்றும் புறப்பாட நடவடிக்கையில் எத்தனையோ பிள்ளைகள் இப்படியே ஓடித் தோற்று, “நமக்கு ஓட்டம் வராது” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

கேமரா செய்யும் மயக்கம்

மராத்தானைப் பெரும்பாலும் முன்னால் செல்லும் வாகனத்திலிருந்து தூரத்தை நெருக்கிக் காட்டும் லென்சில் எடுக்கிறார்கள். அந்த லென்ஸ் இடைவெளியைச் சுருக்கிவிடும். பின்னால் வருபவர் தோளை ஒட்டி ஓடுவதுபோல் தெரியும். உண்மையில் 50 மீட்டர் பின்னால் இருப்பார். முன்னணி ஓட்டக்காரர்களின் வேகத்தில் 50 மீட்டர் என்பது ஏறக்குறைய 9 விநாடி. அதை எட்டிப் பிடிக்கச் சில கிலோமீட்டர்கூட ஆகலாம்.

“நெருங்கிவிட்டார், நெருங்கிவிட்டார்!” என்று கத்துகிற வர்ணனையாளர் நம்மைப் போலவே படத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிறார். தெரிந்தவர் என்ன செய்வார்? முதல் ஆள் ஒரு பாலத்தையோ தண்ணீர் மேசையையோ கடக்கும்போது கடிகாரத்தைப் பார்ப்பார். இரண்டாம் ஆள் அதே இடத்துக்கு வரும்போது மீண்டும் பார்ப்பார். வித்தியாசத்தைச் சொல்வார். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. ஒரு கைக்கடிகாரமும் கவனமும் போதும்.

பெண்கள் ஓட்டம் ஓரத்துப் பெட்டியா?

பல நகர மராத்தான்களில் ஆண்களும் பெண்களும் ஒரே காலையில் ஓடுகிறார்கள். திரையில் பெரும் பங்கு ஆண்களுக்குப் போகும். பெண்கள் ஓட்டத்தில் யாரோ முந்திப் போன பிறகுதான் நமக்குச் செய்தி வரும்.

ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மராத்தான் கிடைத்ததே 1984-இல்தான். 2024 பாரிசில் பெண்கள் மராத்தானைத் தனியாகக் கடைசி நாளில் வைத்தார்கள். முழுத் திரையும் கிடைத்தது. நெதர்லாந்தின் சிஃபான் ஹசான் 2 மணி 22 நிமிடம் 55 விநாடியில் தங்கம் வென்றார். எத்தியோப்பியாவின் திக்ஸ்ட் அசெஃபா 3 விநாடி பின்னால். கடைசித் திருப்பத்தில் இருவரும் இடித்துக்கொண்டார்கள். எத்தியோப்பியா செய்த முறையீடு தள்ளுபடியானது. ஹசான் அதற்கு முன்பே 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் வெண்கலம் வாங்கியவர். 10,000 மீட்டர் ஓடி முழுதாக இரண்டு நாள்கூட ஆகவில்லை. இந்தப் பின்னணி தெரியாமல் அந்த இடிபாட்டைப் பார்த்தால் அது தெருச்சண்டை. தெரிந்து பார்த்தால், காலில் கடைசித் துளி தெம்பு மிச்சம் இருப்பது யாருக்கு என்ற கேள்வி.

பெயரைச் சரியாகச் சொல்லுங்கள்

“முன்னணியில் ஆப்பிரிக்க வீரர்கள்” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகும் வர்ணனையை நாம் கேட்டிருக்கிறோம். தோக்கியோவில் ஓடிய பெட்ரோஸ் எரித்திரியாவில் பிறந்து, பதின்ம வயதில் அகதியாக ஜெர்மனிக்குப் போனவர். சிம்பு வென்றது உலகத் தடகளப் போட்டியில் தான்சானியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம். பாரிஸ் ஒலிம்பிக் ஆண்கள் மராத்தானில் வென்ற தமிராத் தோலா, காயமடைந்த சக நாட்டவருக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டவர். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஊரும் உண்டு.

நமக்கு இது புரியாத வலி அல்ல. 1998-இல் கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் 50 கிலோமீட்டர் நடைப் போட்டியில் ஜி. சரவணன் மலேசியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தார். நேரம் 4 மணி 10 நிமிடம் 5 விநாடி. சில முடிவுப் பட்டியல்களில் அவர் பெயர் கோவிந்தசாமி என்று தொடங்குகிறது. அது அவருடைய அப்பா பெயர் என்பது நமக்குத் தெரியும். பட்டியல் எழுதியவருக்குத் தெரியாது. நம் பிள்ளையை உலகம் அப்பா பெயரில் கூப்பிட்டால் நமக்கு ஒரு மாதிரி இருக்கும் அல்லவா? கென்ய, எத்தியோப்பியப் பெற்றோருக்கும் அப்படித்தான் இருக்கும்.

நடைப் போட்டியைப் பார்க்க விதிமுறையும் தெரிய வேண்டும். ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். முன்னால் வைக்கும் காலின் முட்டி மடங்கக் கூடாது. இதை விளக்காத வர்ணனையில், நான்கு மணி நேரப் போராட்டமும் இடுப்பாட்டும் வேடிக்கையாகிவிடும்.

கைதட்டலும் கேள்வியும்

நல்ல வர்ணனைக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. கென்யாவின் ரூத் செப்னெகெடிச் 2024 அக்டோபரில் சிகாகோவில் 2 மணி 9 நிமிடம் 56 விநாடியில் ஓடினார். 2 மணி 10 நிமிடத்துக்குள் முடித்த முதல் பெண் அவர். 2025 மார்ச்சில் எடுத்த மாதிரியில் தடைசெய்யப்பட்ட மருந்து கண்டறியப்பட்டு, அதே ஆண்டு அக்டோபரில் அவருக்கு 3 ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. அந்த மாதிரி சிகாகோ ஓட்டத்துக்குப் பிந்தியது. இரண்டையும் குழப்பாமல், எதையும் மறைக்காமல் சொல்லத் தெரிய வேண்டும். வெறும் ஆரவாரம் ரசிகரை ஏமாற்றும். வெறும் சந்தேகம் நேர்மையாக ஓடுபவரை அவமதிக்கும்.

வெயிலும் அப்படித்தான். 2019 டோஹா உலகப் போட்டியில் பெண்கள் மராத்தானை நள்ளிரவில் தொடங்கினார்கள். அப்படியும் 68 பேரில் 40 பேர்தான் முடித்தார்கள். காற்றில் ஈரப்பதம் கூடினால் வியர்வை காயாது. உடல் சூடு இறங்காது. கோலாலம்பூர் மராத்தான் விடியுமுன் டத்தாரான் மெர்டேக்காவில் தொடங்குவதும் இதனால்தான். கீழே விழுந்தவரின் முகத்தைக் கேமரா நெருங்கிக் காட்டும்போது, “ஐயோ பாவம்” என்று நிறுத்திக்கொள்ளாமல் இந்தக் காரணத்தைச் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை ஓடப்போகும் நம் வீட்டு ஆளுக்கு அது பாதுகாப்பு.

தமிழில் எப்போது?

கிரிக்கெட்டும் கபடியும் இந்திய அலைவரிசைகள் வழியாகத் தமிழ் வர்ணனையோடு நம் வீட்டுக்கு வந்துவிட்டன. நெடுந்தூர ஓட்டத்துக்கு அப்படி ஒரு குரல் நமக்குப் பழக்கமில்லை. சொல் இல்லை என்று சாக்குச் சொல்ல முடியாது. முன்னணிக் கூட்டம், வேகம் பிடித்துக் கொடுப்பவர், தண்ணீர் மேசை, தெம்பு தீரும் 30-ஆவது கிலோமீட்டர் என்று சாதாரணத் தமிழிலேயே சொல்லிவிடலாம்.

2027-இல் சீ விளையாட்டுப் போட்டி மலேசியாவில் நடக்கிறது. இன்னும் நாள் இருக்கிறது. தமிழ் வானொலியும் தொலைக்காட்சிச் செய்திப் பிரிவுகளும் இப்போதே நம்மிடையே இருக்கும் முன்னாள் ஓட்டக்காரர்களையும் பயிற்றுநர்களையும் கூப்பிட்டுப் பழக்கலாம். அன்று கோட்டுக்கு வந்துசேரும் நம் பிள்ளையின் பெயரைத் தமிழில் சரியாகச் சொல்ல ஓர் ஆளாவது வேண்டாமா?

அதுவரை ரசிகர்களாகிய நாம் தரம் பார்க்கக் கற்றுக்கொள்வோம். அடுத்த முறை மராத்தான் பார்க்கும்போது ஐந்து கேள்விகள் கேட்டுப் பாருங்கள். இடைவெளியை விநாடியில் சொன்னார்களா? பாதி வழியில் கணக்கு விளக்கினார்களா? பெண்கள் ஓட்டத்தின் திருப்பத்தை நேரலையில் காட்டினார்களா? பெயரையும் ஊரையும் சரியாகச் சொன்னார்களா? ஒருவர் ஏன் வென்றார் என்று முடிவில் உங்களுக்குப் புரிந்ததா? மூன்றுக்காவது ‘ஆம்’ என்றால் நல்ல ஒளிபரப்பு. இல்லையென்றால் அந்த அலைவரிசைக்கு எழுதுங்கள்.

அந்த லோரி ஓட்டுநர் அண்ணனை மறுபடி பார்த்தால் இதைத்தான் சொல்வேன்: “அண்ணே, அந்த 0.03 விநாடி கடைசி நிமிசத்துல வந்தது இல்ல. ரெண்டு மணி நேரமா சேர்த்து வச்சது.” அவருக்குத் தெரியாததா? இரவு முழுக்க ஓட்டி, தூக்கத்தை அடக்கி, விடியுமுன் சரக்கை இறக்குகிறவர் அவர். கடைசிப் பத்து நிமிடம் மட்டுமே அவருடைய வேலை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்வாரா?