கோல் அடிக்க மட்டும் வெளியாளா?

தமிழ்நாட்டு ஸ்ட்ரைக்கர் ஒருத்தர் இந்தியாவோட தேசிய கால்பந்து லீக்ல ஒரு சீசனோட அதிக கோல் அடிச்சவரா வந்திருக்கார்னா எத்தனை பேர் நம்புவீங்க? வந்திருக்கார் மக்களே. பேரு ராமன் விஜயன். (ஐ.எம்.விஜயன் இல்லைங்க, அவர் திருச்சூர்க்காரர். ரெண்டு பேரையும் குழப்பிக்கறது நம்ம ஆளுங்க வழக்கம்.) 1997-98 சீசன்ல 10 கோல்.

ஆனா அந்த 10 கோலும் எந்த அணிக்கு? எஃப்.சி.கொச்சின். 1997ல கேரளாவுல ஆரம்பிச்ச தொழில்முறை கிளப். நம்ம பக்கம் அப்போ நல்லா ஆடுறவனுக்கு இருந்த வழி பேங்க், ரயில்வே மாதிரி நிறுவன அணிகள்தான். அதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன், குடும்பத்துக்கு சோறு போட்டது அந்த வேலைதான். ஆனா ஆட்டத்தையே தொழிலா வெச்சுக்கணும்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு கிளம்பணும்.

அதுக்கப்புறம் நிலைமை மாறிடுச்சான்னா, பாதிதான். 2018-19ல சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக் கோப்பையை ஜெயிச்சது. கோயம்புத்தூர்ல ஆடின அணி, உள்ளூர் பசங்க நிறைய பேர். சந்தோஷம். ஆனா 21 கோல் அடிச்சது பெட்ரோ மான்சி, வெளிநாட்டுக்காரர். 2015ல சென்னையின் அணி ஐ.எஸ்.எல். ஜெயிச்சப்போ 13 கோல் அடிச்ச மென்டோசா கொலம்பியாக்காரர். டிஃபன்ஸுக்கும் நடுக்களத்துக்கும் நம்மாளு ஓகே, கோலுக்கு மட்டும் இறக்குமதி!

நம்ம பசங்களுக்குத் திறமை இல்லைன்னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். காரணம் வேற. திண்டுக்கல்லையே எடுத்துக்குங்க. டவுன்லயும் சுத்துப்பட்டு ஊர்கள்லயும் பசங்களுக்குக் கிடைக்கற பெரிய ஆட்டம் திருவிழா சமயத்து எழுவர் போட்டி. சின்ன மைதானம். பெரும்பாலும் ஆஃப்சைடு பார்க்க மாட்டாங்க. ஸ்ட்ரைக்கரோட பாதி வித்தையே ஆஃப்சைடு கோட்டுக்கு இந்தப் பக்கம் காத்திருந்து, பந்து கிளம்பற நொடியில ஓடறதுதான். ஓரத்துலேர்ந்து வர்ற பந்தைத் தலையால முட்டணும்னா மைதானம் அகலமா இருக்கணும். இது ரெண்டும் இல்லாம வளர்றவன் பதினோரு பேர் ஆட்டத்துக்குப் போனா முழிக்கத்தான் செய்வான்.

இப்போ ஜெர்மனிக்காரர் மிரோஸ்லாவ் க்ளோஸைப் பாருங்க. உலகக் கோப்பைகள்ல மொத்தம் 16 கோல். 2002ல அடிச்ச 5 கோலும் தலையால! பிறந்தது போலந்து, எட்டு வயசுல ஜெர்மனி வந்தவர், தச்சு வேலை கத்துக்கிட்டவர். 20 வயசை நெருங்கறப்போகூட ஏழாவது டிவிஷன்ல ஒரு கிராமத்து கிளப்புக்குத்தான் ஆடிக்கிட்டிருந்தார். 2001ல தேசிய அணி. 2014ல தேசிய அணியிலேர்ந்து ஓய்வு பெறும்போது 137 ஆட்டம், 71 கோல்.

எனக்கு இதுல பெருசாத் தெரியறது அந்த ஏழாவது டிவிஷன்தான். கிராமத்து கிளப்புக்குக்கூட சீசன் முழுக்க முழு அளவு மைதானத்துல லீக் ஆட்டம். ஜெயிச்சா மேல் டிவிஷன். எங்கயோ ஒரு படியில எவனாவது பார்த்துடுவான். நம்ம ஊர்ல பூட்டுப் பட்டறைக்குப் போயிட்டு வந்து சாயங்காலம் பந்து ஆடுற பையனுக்கு அந்தப் படி எங்க இருக்கு?

கிரிக்கெட்டுக்கு இருக்குங்க. நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்துல டி.என்.பி.எல். நடக்குது. சேலம் பக்கத்து கிராமத்துலேர்ந்து நடராஜன் டி.என்.பி.எல்., ஐ.பி.எல்.னு ஏறி 2020ல இந்தியாவுக்கே ஆடினார். நத்தத்துல கிரிக்கெட்டுக்குக் கட்டின படியை திண்டுக்கல்லுல கால்பந்துக்குக் கட்ட முடியாதா?

ஸ்டேடியமெல்லாம் கேட்கல. மாவட்டத்துக்கு ஒரு லீக், வருஷத்துல ஆறு மாசம், வாரம் ஒரு ஆட்டம், பதினோரு பேர், முழு மைதானம், ஆஃப்சைடு தெரிஞ்ச நடுவர். ஜெயிக்கற அணிக்கு மாநில அளவுல மேல ஏற வழி. அவ்வளவுதான்.

நம்ம ஐ.டி. கம்பெனியெல்லாம் ஃப்ரெஷரையே எடுக்காம, எல்லா சீட்டுக்கும் பத்து வருஷ அனுபவம் கேட்டிருந்தா இந்தப் பதிவைப் படிக்கற பாதிப் பேர் வேற வேலைக்குப் போயிருப்போம் :-) ஸ்ட்ரைக்கர் சீட்டுக்கு மட்டும் அந்த அநியாயம் நடந்துக்கிட்டே இருக்கு. ராமன் விஜயன் ஊரை விட்டுப் போய் ஜெயிச்சார். போக முடியாதவங்க எத்தனை பேர்னு யார்கிட்டயும் கணக்கு இல்லை.