குதிரைமுகம் யாருக்குச் சொந்தம்?

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் எங்கள் ஐதீகங்களை மாயக்கதையாக எழுதினால் அவை கெட்டுப்போகும் என்கிறார் நண்பர். ஊரில் வாழ்ந்தவருக்கே அந்த உரிமையாம். என்னால் இதை ஏற்கமுடியாது.

எழுத்தாளர் டோமி அடெயெமி நைஜீரியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். யோருபா மக்களின் ஒரிஷா தெய்வங்கள் அவர் மனதைப் பிடித்தது பிரேசிலில். அடிமைக் கப்பல்களில் அடைக்கப்பட்டவர்கள் நெஞ்சில் சுமந்துபோன தெய்வங்கள் அவை. அந்தச் சந்திப்பிலிருந்து பிறந்ததுதான் 2018இல் வெளிவந்த ‘சில்ட்ரன் ஆஃப் பிளட் அண்ட் போன்’ நாவல். ஒரிஷாக்கள் கெட்டுப்போகவில்லை, உலகெங்கும் இளையோர் அவர்கள் பெயரைச் சொல்கிறார்கள்.

எங்களிடமும் அப்படியொரு கதை உண்டு. யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையிலிருந்து சிறிது தூரத்தில் மாவிட்டபுரம் கோயில். குதிரைமுகத்தோடு வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலையில் நீராடி முகம் மாறப்பெற்றாள் என்பது ஐதீகம். அங்குள்ள கேணிக் கட்டில் நின்றால் ஒருபுறம் உப்புக்கடல் அடிக்கும்; மறுபுறம் காலை வைத்தால் குளிர்ந்த நன்னீர். அந்த ஓரடிச் சுவரில் எத்தனை கதைக்கு இடமிருக்கிறது!

1990இல் போரினால் எங்கள் வலிகாமம் வடக்கிலிருந்து ஊரோடு எழும்பி ஓடினோம். கோயிலுக்கும் கேணிக்கும் போகமுடியாத ஆண்டுகளில் இளவரசியைக் காப்பாற்றியது யார்? முகாமிலும் கனடாவிலும் பேரப்பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டே கதை சொன்ன அம்மம்மாக்கள்தான். கேட்டு வளர்ந்த பிள்ளையை இப்போது தள்ளிநிற்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

டொரன்டோவிலிருந்து என் பேத்தி போனில் கேட்டாள்: “அம்மம்மா, குதிரைமுகம் இருந்தபோது அவள் வேகமாக ஓடினாளா?” கொப்பியில் இரண்டு பக்கம் எழுதிவிட்டாளாம்.